திக்குவாய்: கேள்வியும் பதிலும்

கேள்வி (கல்லூரி மாணவர்): என் கதையை நாலு பேர் முன்னால் சொன்னால் திக்குவது நின்றுவிடுமா?

பதில்: நிற்காது தம்பி. ஒளிப்பது நிற்கும். என்னை அதிகம் வாட்டியது அதுதான். 'தாம்பரம்' என்று சொல்ல வாயெடுத்தால் 'தா'விலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். கண்டக்டர் டிக்கெட் கட்டில் விரலை வைத்தபடி நிற்பார். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்ப்பது போலிருக்கும். 'வண்டலூர்' எளிதாக வரும். அதனால் பல வருடங்கள் வண்டலூருக்கு டிக்கெட் எடுத்துத் தாம்பரத்தில் இறங்கினேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. திக்குபவர்கள் கூடிப் பேசும் எங்கள் குழுவில் முதன்முதலாக இதைச் சொன்னபோது, பக்கத்தில் இருந்த பெரியவர், புது இடங்களில் தன் பெயரையே மாற்றிச் சொல்லி வந்ததாகச் சொன்னார். சொல்லி முடிக்க இருவருக்கும் வெகுநேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. அமெரிக்கப் பேச்சியல் அறிஞர் ஜோசப் ஷீஹன் திக்குவாயைப் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார்: காதில் விழுவது நுனி மட்டும், வெட்கமும் பயமும் நீருக்கடியில் கிடக்கின்றன. அன்று எனக்குக் கரையத் தொடங்கியது அந்த அடிப்பாகம்.

கேள்வி: நேர்முகத் தேர்வில் முதலிலேயே சொல்லிவிடலாமா?

பதில்: சொல்லுங்கள். "எனக்குப் பேச்சு திக்கும், முடிக்கும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்." இவ்வளவு போதும். மன்னிப்புக் கேட்காதீர்கள்.

கேள்வி: எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது எனக்குத் திக்குவதில்லை. அப்படியானால் நான் நடிக்கிறேனா?

பதில்: இல்லவே இல்லை. சேர்ந்து வாசிக்கும்போதும் பாடும்போதும் அநேகமாக எல்லோருக்கும் திக்கல் மறைந்துவிடும்.

கேள்வி (ஒரு தாய்): நாலு வயது மகன் மூன்று மாதமாகத் திக்குகிறான். மாமியார் நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்கிறார்.

பதில்: வேண்டாம் அம்மா, கோளாறு நாக்கில் இல்லை. பேச்சை ஒருங்கிணைக்கும் மூளையின் வேலையிலும் பரம்பரையிலும் அதன் வேர் இருக்கிறது. உங்கள் வளர்ப்பில் குறையில்லை. இந்த வயதில் திக்கத் தொடங்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும். ஆண் பிள்ளைகளுக்கு நீடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், பேச்சு சிகிச்சையாளரிடம் (ஸ்பீச் தெரபிஸ்ட்) இப்போதே ஒருமுறை காட்டிவிடுங்கள். "நிறுத்தி மெதுவாகச் சொல்" என்று திருத்த வேண்டாம்; நீங்கள் நிதானமாகப் பேசுங்கள். வீட்டில் தாத்தாவோ சித்தப்பாவோ சிறுவயதில் திக்கியிருந்தால், அந்தக் கதையை அவனுக்குச் சொல்லச் சொல்லுங்கள். எனக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. பின்னால்தான் தெரிந்தது, என் தாய்மாமாவுக்கும் திக்குமாம்.

கேள்வி: நண்பர் திக்கும்போது சொல்லை எடுத்துக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பல நேரம் அவர் சொல்ல வந்தது வேறு சொல்லாக இருக்கும். முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருங்கள், சொல்லிவிடுவார்.