9 வயது மகள் தோசை சுட வேண்டும் என்கிறாள். கேஸ் அடுப்பில் விடலாமா?

விடலாம். ஆனால் பற்றவைக்கச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் அணைக்கச் சொல்லிக்கொடுங்கள். என் மகனுக்கு அதே வயதில் முதல் இரண்டு வாரம் அதுதான் வேலை. பால் பொங்கியதும் "அணைடா" என்பேன், ஓடி வந்து நாப்பை மூடுவான். ராத்திரி ரெகுலேட்டரை மூடுவதும் அவன்தான்.

எங்கள் அம்மாவுக்கு இதெல்லாம் சிரிப்பு. "ஏழு வயசுல நான் விறகடுப்பையே ஊதினவ" என்பார். ஊதியிருப்பார், சந்தேகமில்லை. ஆனால் விறகு எரிவது கண்ணுக்குத் தெரியும். கேஸ் திறந்து கிடப்பது தெரியாது. அது காற்றைவிடக் கனமானது, மேலே போய்க் கலையாமல் தாழ்வாகத் தேங்கும். அதற்கென்று சொந்த வாசனையும் கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று சேர்த்த நாற்றம்தான் நமக்கு அடிப்பது. இதைச் சொன்னதும் பையனுக்கு அடுப்பின் மேல் தனி மரியாதையே வந்துவிட்டது.

அப்படியும் ஒருநாள் நாப்பைத் திருப்பிவிட்டு லைட்டரைத் தேடினான். கிடைத்ததும் தட்டினான். குப்பென்று எழும்பி முன்நெற்றி முடி பொசுங்கியது. அதோடு போனது. அன்றிலிருந்து லைட்டர் கைக்கு வந்த பிறகுதான் நாப். இரண்டு தட்டில் பிடிக்கவில்லையா, மூடிவிட்டுக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். நாற்றம் அடித்தால் எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து என்னைக் கூப்பிட வேண்டும். கேஸ் கசிவுக்கான 1906 எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

உயரம் முக்கியம். முழங்கை மேடைக்கு மேலே வரட்டும். ஸ்டூல் ஆடும். எட்டவில்லை என்று அடுப்பைத் தரையில் இறக்குகிறார்களே, அது இன்னும் மோசம். சிலிண்டரைவிட அடுப்பு உயரத்தில்தான் இருக்க வேண்டும். நைலான் பாவாடையும் தொங்கும் துப்பட்டாவும் வேண்டாம், பருத்தி போதும்.

ஆரம்பிக்கத் தோசை நல்ல தேர்வு. சொட்டு எண்ணெய், தூக்கி இறக்க ஒன்றுமில்லை. ஆனால் அணைத்த பிறகும் கல் சுடும் என்பதைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். இவனும் மறந்தான். விரலைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வைத்தேன். பேஸ்ட், மாவு, ஐஸ் எதுவும் வைக்கவில்லை.

தாளிப்பு ஒரு வருடம் கழித்துத்தான். ஈரக் கறிவேப்பிலையைக் காய்ந்த எண்ணெயில் போட்டால் என்ன ஆகும் என்று நமக்கே தெரியும். எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல், அடுப்பை அணைத்துத் தட்டைப் போட்டு மூட வேண்டும் என்று வெறும் வாணலியில் பலமுறை செய்துகாட்டினேன்.

இப்போது அவனுக்கு 12. குக்கர் திறப்பதும் கஞ்சி வடிப்பதும் இன்னும் என் கையில்தான். கொதிக்கும் பானையைச் சாய்க்க அந்த மணிக்கட்டு போதாது. அவனுக்கு இதில் கோபம்தான்.