எல்லை தாண்டும் மனம்

கேள்வி: மனநலத்துக்குத் தினமும் தியானமும் மனப்பயிற்சியும் நல்லது என்கிறார்கள். இரண்டு மாதமாகக் காலை ஆறு மணிக்கு உட்கார்கிறேன். ஐந்தே நிமிடத்தில் மனம் எல்லை தாண்டி ஓடிவிடுகிறது. எனக்கு இது சரிப்பட்டு வராதா?
– வாசகர் ஒருவர், புளியரை

பதில்: வேறு ஊர்க்காரர் எழுதியிருந்தால் 'எல்லை தாண்டி' என்பதைப் பேச்சுக்குச் சொன்னது என்று விட்டிருப்பேன். புளியரைக்காரர் எழுதினால் எப்படி விடுவது? உங்கள் ஊர் ஆடு மேற்கே கொஞ்சம் ஆசைப்பட்டு மேய்ந்தாலே கேரளா.

அதுசரி, எந்த எல்லை? 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் உங்கள் புளியரையும் திருவிதாங்கூர்-கொச்சி பக்கம். எல்லை கிழக்கே பிரானூரில். மாநிலங்களைப் பிரித்த அன்று எல்லை எழுந்து மலைப்பக்கம் போய்விட்டது. 'பார்டர்' என்ற பெயர் மட்டும் பிரானூரிலேயே தங்கிவிட்டது. இன்றைக்கும் கண்டக்டர் "பார்டர், பார்டர், இறங்குறவங்க வாங்க" என்கிறார். இறங்கிப் பார்த்தால் மரம் அறுக்கிற மில்லும் பரோட்டாக் கல்லும்தான். 70 வருஷமாக இல்லாத எல்லையில் ஜனங்கள் தினமும் இறங்கி ஏறுகிறார்கள்.

பரோட்டா என்றதும் என் பழைய வழக்கு ஞாபகம் வருகிறது. சென்னையில் 'பார்டர் பரோட்டா' என்று போர்டு மாட்டி, தட்டு நிறைய ஒற்றைப் பரோட்டாவைப் போடுகிறார்கள். பார்டர் பரோட்டா என்றால் சின்னதாக, மெத்தென்று இருக்க வேண்டும். நாலைந்தை வாங்கிப் பிய்த்துப் போட்டு, சால்னாவை மேலே ஊற்றி, ஊறும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இதை முன்பு ஒருமுறை இந்தப் பக்கத்தில் எழுதியதற்கு விருதுநகர் வாசகர்கள் எண்ணெய்ப் பரோட்டாவுக்காகக் கொடி பிடித்தார்கள். பொரித்ததற்குப் பெயர் பூரி என்று பதில் போட்டேன். அந்த வார்த்தையை இன்னும் வாபஸ் வாங்கவில்லை. வாங்குவதாகவும் இல்லை.

பார்த்தீர்களா? தியானத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் மூன்றாவது பத்தியில் சால்னாவுக்குள் கிடக்கிறேன். சரி, திரும்பி வருகிறேன். இப்படித் திரும்பி வருவதற்குப் பெயர்தான் ஐயா பயிற்சி. ஓடாமல் இருப்பதற்கு அல்ல.

2010-ல் ஹார்வர்டு உளவியலாளர்கள் இருவர் ஒரு காரியம் செய்தார்கள். 2,250 பேருக்கு ஐபோன் வழியாக நினைத்த நேரத்தில் செய்தி அனுப்பி, "இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார்கள். கேட்டதில் ஏறக்குறைய 47 சதவீதம் நேரம் செய்கிற வேலையில் மனம் இல்லை. அப்படி இல்லாத நேரத்தில் சந்தோஷமும் குறைவாகவே இருந்தது. ஆக, ஓடுவது உங்கள் மனம் மட்டும் அல்ல.

சோதனைச்சாவடியில் லாரி வந்தால் என்ன செய்வார்கள்? நம்பரை நோட்டில் குறித்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். யாரும் அதன் பின்னாலேயே கொல்லம் வரை போவதில்லை. மூச்சைக் கவனித்துக்கொண்டு இருக்கும்போது 'கரண்டு பில் கட்டலையே' என்று ஒன்று வரும். கரண்டு பில், குறித்தாயிற்று, போகட்டும் என்று மூச்சுக்கு வாருங்கள். அதோடு சண்டை போடாதீர்கள், உங்களையும் திட்டிக்கொள்ளாதீர்கள். இருபது தடவை ஓடினால் இருபது தடவை. அரை மணி முடியாவிட்டால் பத்து நிமிடம் போதும், நாள் தவறாமல்.

நாற்பத்தெட்டே நாளில் கோபம் போகும், கடன் தீரும், மூட்டு வலி பறக்கும் என்று நோட்டீஸ் கொடுப்பவர்களிடம் மட்டும் பர்ஸைத் திறக்காதீர்கள். தியானம் பற்றிய 47 ஆய்வுகளை, 3,500-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்த அலசல் ஒன்று 2014-ல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி இவற்றில் ஓரளவு குறைகிறது, அவ்வளவுதான். மருந்தைவிட, உடற்பயிற்சியைவிட மேல் என்பதற்கு அதில் சான்று இல்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தியானத்தை நம்பி நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தியானத்தின் மேலேயே கோபம் வரும்.

கண்ணை மூடினால் படபடப்பு கூடுகிறது, பழைய துக்கம் பொங்குகிறது என்றால் கண்ணைத் திறந்துவிடுங்கள். நடந்துகொண்டே மூச்சைக் கவனிக்கலாம். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் 14416-க்குப் போன் போடுங்கள். அரசின் மனநல உதவி எண், பெயர் டெலிமானஸ், காசு கிடையாது. தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். உங்கள் ஊரில் இரண்டும் கைவசம் இருக்குமே.

எல்லாம் எழுதிய நீங்கள், எல்லை தாண்டிய மனம் எந்த ஊருக்குப் போகிறது என்று எழுதவில்லை. புனலூர், கொல்லம் என்றால் நான் சொன்னபடி செய்யுங்கள். பிரானூர் பார்டர் பக்கம் என்றால் அது எல்லையே தாண்டவில்லை, வெறும் பசி. ஆனால் காலை ஆறு மணிக்கு அங்கே கல் சூடாகியிருக்காது.