காந்தாரத்தைப் பூட்டினால் மிச்சம் எங்கே போகும்?

கேள்வி: ஹட்டன் பக்கம் தோட்டக் கோயில் பஜனைக்கு ஹார்மோனியம் வாசிக்கிறேன். எப்போதும் 1 கட்டை (C) சுருதிதான். ஸ–ப, ஸ–க இரண்டும் சுத்தமாகச் சேர வேண்டும். மற்ற சுரங்களை எப்படி வைப்பது?

பதில்: சுருதி மாறாது என்கிறீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்தது. கடையில் வாங்கும் பெட்டியில் அடுத்தடுத்த சுரங்களுக்கு இடையே சரியாக 100 சென்ட் (சுர இடைவெளியை அளக்கும் அலகு, ஒரு ஸ்தாயிக்கு 1200). அதனால் பஞ்சமம் 2 சென்ட்தான் குறையும், காது பொறுத்துக்கொள்ளும். அந்தர காந்தாரமோ கிட்டத்தட்ட 14 சென்ட் கூடுதல். நடு ஸ்தாயியில் ஸ-வையும் க-வையும் சேர்த்து அழுத்துங்கள். நொடிக்குப் பத்துத் தடவை படபடக்கும்.

ஸ 0, க 386, ப 702 என்று பூட்டிவிடுங்கள். சிக்கல் இனித்தான். ப-விலிருந்து ரி, த, க என்று மூன்று சுத்தப் பஞ்சமம் (ஒவ்வொன்றும் 702 சென்ட்) ஏறினால், க பூட்டிய 386-ஐ 21.5 சென்ட் தாண்டி நிற்கும். இந்த மிச்சத்தை ஒழிக்க வழியில்லை, ஒதுக்க இடம்தான் பார்க்கலாம்.

மூன்றுக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் 7 சென்ட் குறையும். எதுவும் ரொம்பக் கெடாது. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் மாணவர் கிர்ன்பெர்கர் தந்த ஒரு முறையில் ஸ–ப-வும் இந்தச் சுமையில் பங்கெடுக்கும். பல சுரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் (chord) இசைக்கு அது சரி, உங்களுக்கு வேண்டாம்.

நான் முழு மிச்சத்தையும் ரி–த இடையில் தள்ளிவிடுவேன். ரி 204, ம 498, த 884, நி 1088. ரி-யையும் த-வையும் சேர்த்து அழுத்தினால் ஊளையிடும். அழுத்துவது யார்? பஜனையில் ஒவ்வொரு சுரமும் ஸ–ப-வோடுதான் உரசிப் பார்க்கப்படுகிறது. கிட்டார் தம்பி ஒருவர் கூட வந்து உட்கார்ந்தால் மட்டும் சமப் பங்கீட்டுக்குப் போங்கள்.

கறுப்புக் கட்டைகளுக்கு நி-யிலிருந்து சுத்தப் பஞ்சமமாகவே போகலாம்: பிரதி ம 590, சுத்த ரி 92, சுத்த த 794, சாதாரண க 296, கைசிகி நி 998. அடுத்த பஞ்சமம் 500-இல் விழும், ம-வோ 498. வெறும் 2 சென்ட் இடைவெளியில் வட்டம் மூடிக்கொள்வது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். மாயாமாளவகௌளை ராகப் பாட்டு அதிகமென்றால் சுத்த ரி-யை 112, சுத்த த-வை 814 ஆக ஏற்றுங்கள்.

ரீட் நாக்கை (அதிர்ந்து ஒலி எழுப்பும் உலோகத் தகடு) நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். க இறங்க வேண்டியது, ஆகவே அடியில், துளித்துளியாக. சுரண்டிய சூடு ஆறியபிறகு அளந்து பாருங்கள். மார்கழிப் பனியிலிருந்து உள்ளே எடுத்துவந்த பெட்டியில் உடனே கை வைக்க வேண்டாம்.

அப்புறம், 2 கட்டையில் பாடுகிறவர் வந்தால் வேறு பெட்டி தேடுங்கள். அவருக்கு உங்கள் ரி-தான் ஸ, த-தான் ப; ஆகவே இதில் ஸ–ப-வே 680 சென்ட்தான்.