பிளஸ் ஒன்னில் சமூகவியல் எடுக்கலாமா?

கேள்வி: என் மகள் கோவையில் சிபிஎஸ்இ பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். பிளஸ் ஒன்னில் வரலாறு, அரசியல் அறிவியல், பொருளியலுடன் சமூகவியல் எடுக்க ஆசைப்படுகிறாள். கணிதம் வேண்டவே வேண்டாம் என்கிறாள். ஐஏஎஸ் அவள் கனவு. ஒரு பயிற்சி மையத்தார் வீட்டுக்கே வந்து, "சமூகவியல் எடுத்தால் ஐஏஎஸ் பாதி முடிந்த மாதிரி" என்று சொல்லி இரண்டு வருட வகுப்புக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். சொந்தக்காரர்களோ, "அதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: சமூகவியல் எடுக்கட்டும். ஒன்றரை லட்சத்தை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

குடிமைப் பணித் தேர்வு எழுதப் பட்டம் வேண்டும், 21 வயது ஆகியிருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு அதற்குக் குறைந்தது ஐந்து வருடம் இருக்கிறது. முதன்மைத் தேர்வின் 1750 மதிப்பெண்ணில் விருப்பப் பாடத்துக்கு 500. அந்தப் பாடம் சமூகவியலாக இருக்க, அவள் பள்ளியிலோ கல்லூரியிலோ அதைப் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. இன்ஜினியரிங் முடித்தவர்கள்கூட அதை எடுக்கிறார்கள். பொது அறிவு முதல் தாளில் இந்தியச் சமூகம் பற்றிய பகுதி உண்டு என்பது உண்மைதான். அதற்கான அடித்தளம் என்சிஇஆர்டி பாடநூல்களிலேயே இருக்கிறது. பதினொன்றுக்கு இரண்டு, பன்னிரண்டுக்கு இரண்டு, மொத்தம் நான்கு நூல்கள். நான்கையும் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பதினாறு வயதுப் பிள்ளைக்கு "ஃபவுண்டேஷன் கோர்ஸ்" என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் இதே நூல்களின் சுருக்கம்தான், மேலே மையத்தின் பெயர் அச்சடித்த அட்டையோடு. "இந்த மாதக் கடைசிக்குள் சேர்ந்தால் முப்பதாயிரம் தள்ளுபடி" என்பார்கள். சுவர் முழுக்க வெற்றி பெற்றவர்களின் படங்கள் இருக்கும். அதில் பலர் அங்கே இலவச மாதிரி நேர்காணலுக்கு மட்டும் போய் வந்தவர்கள். இப்படி விளம்பரம் செய்த மையங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதமே விதித்திருக்கிறது. அதற்குப் பிறகும் வீடு தேடி ஆள் அனுப்புவது நிற்கவில்லை.

உங்கள் கடிதத்தில் நான் கவலைப்படுவது கணிதம் பற்றிய அந்த ஒரு வரியைத்தான். சமூகவியல் எடுத்ததால் கல்லூரியில் இடம் இல்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. கணிதம் இல்லாததால் சொல்வார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஹானர்ஸ் பொருளியலுக்குக் கணிதம் கேட்கிறார்கள். வேறு சில பெரிய நிறுவனங்களிலும் அப்படித்தான். உங்கள் மகள் பொருளியல் எடுக்கப்போகிறாள். இரண்டு வருடம் கழித்து அதன் மீதே ஆசை வந்தால் என்ன செய்வாள்? இதற்கு ஒரு வழி உண்டு. சிபிஎஸ்இயில் ஐந்து பாடங்களுக்கு மேல் ஆறாவதாக ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 'அப்ளைடு மேத்தமேட்டிக்ஸ்' என்ற பாடம் பொதுக் கணிதத்தைவிட இலகுவானது. வட்டி, புள்ளியியல், நிகழ்தகவு என்று நடைமுறைக் கணக்குகள் அதிகம். டெல்லிப் பல்கலைக்கழகம் அதையும் ஏற்கிறது. பள்ளியில் அந்தப் பாடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பொருளியலில் மேற்கொண்டு போகும் எண்ணம் துளியும் இல்லை என்று அவள் உறுதியாகச் சொன்னால் விட்டுவிடலாம். கணக்கு வாத்தியாரைப் பிடிக்கவில்லை என்பதற்காக விடுகிறாள் என்றால், உட்கார்ந்து பேசுங்கள். பதினொன்றும் பன்னிரண்டும் சேர்ந்து ஒரே இரண்டாண்டுப் படிப்பு என்பது வாரியத்தின் கணக்கு. பன்னிரண்டில் மனம் மாறினால் பாடத்தை மாற்றுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

சட்டம், இதழியல், உளவியல், சமூகப்பணி எல்லாவற்றுக்கும் வழி திறந்தே இருக்கிறது. தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகள் பெரும்பாலும் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கின்றன. மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் 'க்யூட்' என்ற பொது நுழைவுத் தேர்வு. அதில் சமூகவியல் தாள் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திலிருந்துதான் வருகிறது.

மதிப்பெண் வருமா என்று கேட்பீர்கள். எழுத்துத் தேர்வு 80, செய்முறைத் திட்டம் முதலியவற்றுக்கு 20. பொதுப்படையாக நல்ல கருத்து எழுதும் பிள்ளைகள்தான் இதில் அடி வாங்குகிறார்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். 2001 கணக்கெடுப்பில் நாட்டில் 1000 ஆண்களுக்கு 933 பெண்கள்; 2011-இல் 943. முன்னேற்றம்தான். ஆனால் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை மட்டும் எடுத்தால் அதே பத்தாண்டில் 927-லிருந்து 919-ஆகக் குறைந்தது. இதை விளக்கச் சொன்னால் "பெண்களை மதிக்க வேண்டும்" என்று ஒரு பக்கம் எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் விழாது. குடும்பம் சிறியதாகும்போது ஆண் குழந்தை ஆசை எப்படி இன்னும் கூர்மையாகிறது, ஸ்கேன் வசதி வந்தது என்ன செய்தது, பணக்கார மாநிலங்களான பஞ்சாபும் ஹரியானாவும் ஏன் இதில் மோசமாக இருந்தன, கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994-இல் சட்டம் வந்தும் ஏன் முழுதாக நிற்கவில்லை என்று எழுத வேண்டும். அப்படி யோசிக்கப் பிடிக்கிற பெண் என்றால் உங்கள் மகளுக்கு இது சரியான பாடம்.

செய்முறைத் திட்டத்தை ஜெராக்ஸ் கடையில் வாங்கித் தராதீர்கள். பைண்டு செய்து, பெயர் எழுத இடம் விட்டு, தயாராக விற்கிறார்கள். "எத்தனை வீட்டுக்குப் போனாய்? யார் பேச மறுத்தார்கள்?" என்று வாய்மொழித் தேர்வில் கேட்டதும் பிள்ளை விழிக்கும். உங்கள் தெருவிலேயே பத்து வீட்டில் வேலைக்கு வரும் பெண்களிடம் பேசட்டும், போதும். கைடு வாங்குவதாக இருந்தால் இந்த வருடத்துப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். 2022-இல் பாடநூல்களில் பல பகுதிகளை நீக்கிவிட்டார்கள். பழைய கைடில் அவை அப்படியே இருக்கின்றன.

பள்ளியில் யார் பாடம் எடுக்கிறார்கள் என்று கட்டாயம் விசாரியுங்கள். சமூகவியலில் எம்.ஏ. முடித்தவரா? "வரலாறு மிஸ் பார்த்துக்கொள்வார்" என்று பதில் வந்தால் வருடம் முழுக்கப் புத்தகத்தை உரக்க வாசிப்பதுதான் நடக்கும். ஆள் சேரவில்லை என்று ஜூன் மாதம் வகுப்பையே மூடிவிட்டு, பிள்ளைகளை வேறு பாடத்துக்குத் தள்ளும் பள்ளிகளும் உண்டு. இந்த வருடம் வகுப்பு நடக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இவ்வளவு அல்லாட வேண்டியிருப்பதே வயிற்றெரிச்சல். நம் மாநில மேல்நிலைப் பாடத்திட்டத்தில் சமூகவியல் என்று தனிப் பாடமே கிடையாது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் செய்த ஆய்வு 1965-இல் நூலாக வந்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பாடமாயிற்று. அதே மாவட்டத்து அரசுப் பள்ளிப் பிள்ளைக்குச் சாதியையும் நிலத்தையும் ஒரு பாடமாக உட்கார்ந்து படிக்க வழியில்லை. என்சிஇஆர்டி நூல்களும் தமிழில் இல்லை. சொந்தக்காரர்கள் கேட்கும் "என்ன வேலை" என்ற கேள்வி இதிலிருந்துதான் பிறக்கிறது. மாநிலப் பள்ளிகளில் பாடம் இல்லாததால் சமூகவியல் ஆசிரியர் பணியிடமும் இல்லை. வேலை என்றாலே வாத்தியார் வேலை என்று நினைப்பவர்களுக்கு இது பெரிய குறையாகத் தெரிகிறது. ஆய்வு நிறுவனம், தொண்டு நிறுவனம், நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு, அரசுத் திட்டங்களின் கள மதிப்பீடு என்று ஆள் கேட்கும் இடங்கள் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

பயிற்சி மையத்துக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் உடனே எழுத்தில் திரும்பக் கேளுங்கள். பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்று மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2024 ஜனவரி வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. தர மறுத்தால் ரசீதையும் நீங்கள் எழுதிய கடிதத்தின் நகலையும் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.