தாத்தாவின் பெல்ஜியம் பிஸ்டல்: நூறு வயது ஆனால் லைசென்ஸ் வேண்டாமா?

கேள்வி: எங்கள் ஊர் கோவில்பட்டி பக்கம். அப்பா எட்டு மாதத்துக்கு முன் தவறிவிட்டார். போன வாரம் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, எண்ணெய்த் துணியில் சுற்றிய சின்ன பிஸ்டல் ஒன்றும் பதினோரு தோட்டாக்களும் இருந்தன. கூடவே பழைய லைசென்ஸ் புத்தகம். தாத்தா பெயரில் இருந்து அப்பா பெயருக்கு மாறியது, கடைசியாக 2009-இல் புதுப்பித்தது. பிஸ்டல் பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங், ‘1910 மாடல்’ என்கிறார்கள். வாஞ்சிநாதன் வைத்திருந்த ரகம் இதுதான் என்று தாத்தா சொல்வாராம். பழைய பொருள் சேகரிப்போர் வாட்ஸ்அப் குழுவில் போட்டோ போட்டேன். நூறு வருடம் தாண்டியதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்றார் ஒருவர். தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியைக் கழற்றிவிட்டு ஷோகேசில் வைக்கலாம் என்றார் இன்னொருவர். பெல்ஜியத்தில் இருக்கும் ஒரு சேகரிப்பாளர், பாகம் பாகமாகப் பிரித்து கூரியரில் அனுப்பினால் நல்ல விலை தருவதாகச் சொல்கிறார். எனக்கு இரண்டு அக்காக்கள், அம்மா இருக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒன்று. இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் வரை பிஸ்டலைத் தொடாதீர்கள். மேகசினை, அதாவது தோட்டா அடுக்கும் கூட்டை, கழற்றிப் பார்ப்பது, விசையை இழுத்துப் பார்ப்பது, துடைப்பது, எதுவும் வேண்டாம். அறையைப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைத் திறந்த நாள்தான் உங்கள் வழக்கில் முக்கியமான தேதி. ஆயுதச் சட்டத்தில் ‘வைத்திருப்பது’ என்றால் தெரிந்தே வைத்திருப்பது. உச்ச நீதிமன்றம் 1972-லேயே குன்வந்த்லால் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருந்த எட்டு மாதத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. 2009-க்குப் பிறகு புதுப்பிக்காமல் விட்டது அப்பாவின் தவறு, அது அவரோடு போயிற்று. ஆனால் போன வாரத்திலிருந்து உங்களுக்குத் தெரியும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, எந்தக் காரணத்தால் ஒருவர் கையில் ஆயுதம் இருப்பது சட்டப்படி இல்லாமல் போனாலும், அவர் ‘தேவையற்ற தாமதமின்றி’ அதைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது. ஒரு வாரத்தைத் தாமதம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் விலை பேசிக்கொண்டே மூன்று மாதம் ஓட்டினால் சொல்வார்கள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 25(1பி) பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை, அபராதம் தனி. தோட்டாக்களுக்கும் இதே கதைதான்.

சரி, பிஸ்டலுக்கு வருவோம். இதில் எனக்கும் கொஞ்சம் பைத்தியம் உண்டு என்பதால் நீங்கள் அனுப்பிய நான்கு போட்டோக்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன்.

பெல்ஜியத்தின் லியேஜ் நகரம் நூற்றாண்டுகளாகத் துப்பாக்கிக் கொல்லர்களின் ஊர். அதன் பக்கத்தில் ஹெர்ஸ்டாலில் 1889-இல் ‘ஃபாப்ரிக் நாசியோனால்’, சுருக்கமாக எஃப்.என்., தொடங்கப்பட்டது. பெல்ஜியம் அரசுக்கு ஒன்றரை லட்சம் மவுசர் ரைஃபிள் செய்து கொடுப்பதற்காகவே எழுந்த கம்பெனி அது. அந்த ஆர்டர் முடிந்தால் அடுத்து என்ன என்ற கவலையில் இருந்தபோது, 1897-இல் அதன் வணிக அதிகாரி ஹார்ட் பெர்க் அமெரிக்காவில் ஜான் மோசஸ் பிரவுனிங்கைச் சந்தித்தார். பிரவுனிங் யூட்டா மாநிலத்துத் துப்பாக்கிக் கொல்லர். சுட்ட வேகத்திலேயே காலித் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றிக்கொள்ளும் சின்ன பிஸ்டல் ஒன்றை வடிவமைத்து வைத்திருந்தார். அந்த ஒப்பந்தத்திலிருந்து பிறந்ததுதான் 1900 மாடல். 7.65 மி.மீ. தோட்டா, மேகசினில் ஏழு. பெல்ஜிய ராணுவம் அதே வருடம் அதை ஏற்றது. சுமார் பத்து வருடத்தில் ஏழு லட்சம் போல விற்றது. பிரெஞ்சுக்காரர்கள் பிஸ்டல் என்பதற்கே ‘பிரவுனிங்’ என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள், நம் ஊரில் போட்டோகாப்பிக்கு ஜெராக்ஸ் என்பது போல.

1900 மாடலை அடையாளம் காண்பது எளிது. முன்பக்கம் பார்த்தால் இரண்டு குழல் மாதிரி தெரியும். மேலே இருப்பது ஸ்பிரிங்குக்கான இடம், கீழே இருப்பதுதான் சுடும் குழல். 1909-இல் சீனாவின் ஹார்பினில் ஜப்பானின் முன்னாள் பிரதமர் இத்தோ ஹிரோபூமியைக் கொரிய விடுதலைப் போராளி ஆன் ஜுங்-குன் சுட்டது இந்த ரகத்தால்தான். அப்புறம் வந்தது 1910 மாடல். இதில் பிரவுனிங் ஸ்பிரிங்கைக் குழலைச் சுற்றியே வைத்துவிட்டார், அதனால் வடிவம் மொழுமொழுவென்று ஆகிவிட்டது. கைப்பிடியின் பின்புறம் அழுத்தினால்தான் சுடும்படி ஒரு பாதுகாப்புப் பட்டை. உங்கள் போட்டோவில் இரண்டும் தெளிவாக இருக்கின்றன. ஸ்லைடில், அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் உறையில், ஹெர்ஸ்டால் பெயர், குழலில் லியேஜ் சோதனைச் சாலையின் முட்டை வடிவ ‘ஈ.எல்.ஜி.’ முத்திரை. ஸ்பெயினின் ஐபார் ஊரில் பிரவுனிங்கைப் பார்த்துச் செய்த நகல்கள் உலகம் முழுக்க உண்டு, அவற்றில் இந்த முத்திரை இருக்காது. குடும்பத்தார் சொன்னது சரி, இது 1910 மாடல்தான்.

வாஞ்சி கதைதான் இடிக்கிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல் என்பது உண்மை. புதுச்சேரியில் வ.வே.சு. ஐயர் சுடப் பழக்கினார் என்பதும் பதிவான செய்தி. ஆனால் 1910 மாடல் பெயருக்குத்தான் 1910. கடைக்கு வந்தது 1912 வாக்கில். தாத்தா சொன்னதை ‘அதே கம்பெனி, அதே பெயர்’ என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். 1914-இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபெர்டினாண்டை போஸ்னிய செர்பிய இளைஞர் பிரின்சிப் சுட்டதுதான் 1910 மாடலால். அந்த பிஸ்டலின் எண் 19074, இப்போது வியன்னா ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எத்தனையோ புத்தகங்கள் அதையும் 1900 மாடல் என்று தப்பாக எழுதியிருக்கின்றன, ஆகவே தாத்தாவைக் குறை சொல்ல வேண்டாம்.

இவ்வளவு கதை எதற்கு என்றால், 1910 மாடலை எஃப்.என். 1983 வரை செய்தது. மாடலின் பெயர் வேறு, உங்கள் பிஸ்டல் பிறந்த வருடம் வேறு. ‘நூறு வருடம் ஆகிவிட்டது’ என்ற வாதத்தை எழுப்புவதற்கே முதலில் பிஸ்டலில் பொறித்த எண்ணை வைத்து வருடத்தை நிரூபிக்க வேண்டும். 1900 மாடலாக இருந்திருந்தால் அந்தச் சிக்கல் இல்லை, எல்லாமே நூறைத் தாண்டியவை.

நிரூபித்தாலும் போதாது. சட்டத்தின் 45(சி) பிரிவு சில ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது: வழக்கொழிந்த வகை, தொன்மை மதிப்புள்ளது, பழுதானது. எல்லோரும் இதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். வாக்கியம் அதற்குப் பிறகும் ஓடுகிறது: ‘பழுதுபார்த்தோ பார்க்காமலோ துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாதது’. உங்கள் பிஸ்டல் எண்ணெய் போட்டுக் காத்த பொருள். அதற்கான 7.65 தோட்டாவை இந்திய அரசு ஆயுதத் தொழிற்சாலைகளே இன்றும் செய்கின்றன. இதை வைத்துக்கொண்டு ‘பயன்படுத்த முடியாதது’ என்று நீதிமன்றத்தில் சொல்ல எனக்கு வாய் வராது. ஊசியைக் கழற்றும் யோசனையும் இங்கேயே அடிபடுகிறது. கழற்றிய ஊசியை மாட்டினால் சுடும் என்றால் அது ‘பழுதுபார்த்தால் பயன்படுவது’.

2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் விதிகளைத் திருத்தி, அரும்பொருள் வகையில் வரும் சிறு ஆயுதங்களை வாங்கவும் வைத்திருக்கவும் லைசென்ஸ் வேண்டாம் என்றது. உங்கள் வாட்ஸ்அப் நண்பர் சொல்வது இதைத்தான். அதே அறிவிப்பு, அவற்றைப் பயன்படுத்தவும் எடுத்துச் செல்லவும் லைசென்ஸ் வேண்டும் என்றும் சொல்கிறது. தவிர, உங்கள் பிஸ்டல் அந்த வகையில் வருமா என்பதை நீங்களாகவோ நானாகவோ முடிவு செய்ய முடியாது. லைசென்ஸ் அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். பதினோரு தோட்டாவோடு கண்டெடுத்த பிஸ்டலை அரும்பொருள் என்று சொன்னால் இன்ஸ்பெக்டர் சிரிப்பார்.

கூரியர் யோசனையை இன்றே மறந்துவிடுங்கள். சட்டப்படி துப்பாக்கியின் பாகங்களும் ஆயுதம்தான். 10-ஆவது பிரிவின்படி லைசென்ஸ் இல்லாமல் ஏற்றுமதி செய்யக் கூடாது. உண்மையிலேயே நூறு வருடம் தாண்டியது என்றால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வந்து நிற்கும். வீட்டில் வைக்க ‘நூறாச்சு’ என்றும் வெளிநாட்டுக்கு அனுப்ப ‘ஆகவில்லை’ என்றும் சொல்ல முடியாதல்லவா? அந்தச் சேகரிப்பாளரின் நாட்டிலும் இதற்குச் சட்டம் உண்டு, அவருக்கு அது நன்றாகவே தெரியும். குழுவில் போட்ட படங்களைப் பதற்றத்தில் அழிக்க வேண்டாம். அழித்தால் மறைத்ததாகத் தோன்றும். இனி எதுவும் போடாமல் இருந்தால் போதும்.

இப்போது செய்ய வேண்டியது. உங்கள் காவல் நிலைய அதிகாரிக்கு ஒரு மனு எழுதுங்கள், நகல் மாவட்ட ஆட்சியருக்கு. அப்பா இறந்த தேதி, பெட்டி திறந்த தேதி, பிஸ்டலின் எண், அளவு, தோட்டா எண்ணிக்கை, பழைய லைசென்ஸ் எண் எல்லாம் அதில் இருக்கட்டும். எண் போட்டோவிலேயே தெரிகிறது, அதைப் பார்த்து எழுதுங்கள். பிஸ்டலைப் பையில் போட்டு பைக்கில் கொண்டுபோக வேண்டாம். மனுவை முதலில் கொடுத்து, அவர்கள் வந்து எடுக்கட்டும், அல்லது அவர்கள் சொல்லும் முறையில் வக்கீலோடு போங்கள். ரசீதில் எண்ணும் மேகசினும் தோட்டாக்களும் எழுதப்பட்டிருக்கிறதா என்று நின்று பார்த்து வாங்குங்கள். அரசு வழக்குப் போட நினைத்தாலும், 39-ஆம் பிரிவின்படி ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். அந்த ஆட்சியர் மேசையில் நீங்களே அனுப்பிய கடிதம் இருக்கும். என்னிடம் வந்த ஒருவர் பயத்தில் துப்பாக்கியைக் கிணற்றில் போட்டுவிட்டு வந்து ஆலோசனை கேட்டார். அந்தக் கோடையில் கிணறு வற்றியது. அவருக்கு ஆலோசனை சொல்வதைவிட உங்களுக்குச் சொல்வது எளிது.

ஒப்படைத்தால் பிஸ்டல் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். லைசென்ஸ் அப்பாவோடு முடிந்தது, சொத்து முடியவில்லை. அது அம்மா, அக்காக்கள், நீங்கள் எல்லோருக்கும் சேர்ந்தது. 21-ஆம் பிரிவே, லைசென்ஸ் பெற்றுத் திரும்ப வாங்கவோ, லைசென்ஸ் உள்ளவருக்கு விற்கவோ உங்களுக்கு உரிமை தருகிறது. ஆனால் அதற்குக் காலக்கெடு உண்டு, விட்டால் அரசுக்குப் போய்விடும். முடிந்தால் காவல் நிலையத்தைவிட ஆயுத வணிகரிடம் ஒப்படைக்க அனுமதி கேளுங்கள். வாடகை கேட்பார், ஆனால் துரு பிடிக்காது.

வைத்துக்கொள்ள ஆசை என்றால் 2016-ஆம் ஆண்டு விதிகளில் 25-ஆவது விதி வாரிசுகளுக்கு லைசென்ஸ் தர வழி செய்கிறது. இணையத்தில் விண்ணப்பம், இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் அக்காக்களும் தரும் ஆட்சேபணை இல்லை என்ற பிரமாணப் பத்திரம், மருத்துவச் சான்று, கையாளும் பயிற்சிச் சான்று ஆகியவை வேண்டும். அப்பாவின் லைசென்ஸே காலாவதி என்பதைக் காட்டி மறுக்கப் பார்க்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், 18-ஆவது பிரிவில் மேல்முறையீடு இருக்கிறது. உங்களுடையது 7.65 என்பது அதிர்ஷ்டம். இதே மாடலை 9 மி.மீ. குறுந்தோட்டாவுக்கும் செய்தார்கள் (பிரின்சிப் வைத்திருந்தது அதுதான்). அப்படி இருந்தால் தடை செய்யப்பட்ட ரகம் என்று கோப்பு டெல்லி வரை போக நேரலாம்.

விற்பதானால் உள்நாட்டிலேயே ஆள் இருக்கிறது. 1980-களின் நடுவிலிருந்து தனியாருக்கு இறக்குமதி நின்றுபோனதால், பழைய வெளிநாட்டு .32 (அங்குலக் கணக்கில் 7.65 மி.மீ.-இன் பெயர்) பிஸ்டலுக்குத் தேடி வருவார்கள். பளபளப்பாக்கினால் விலை கூடும் என்று யாராவது உப்புத்தாளை நீட்டினால் வாங்காதீர்கள். பழைய நீல மெருகு போனால் சேகரிப்பாளர் பாதி விலை கூடத் தர மாட்டார். தேய்க்கும்போது எண் அழிந்தால், அது 8-ஆவது பிரிவில் தனிக் குற்றம்.