அந்த இரண்டு வார்த்தை

வணக்கம். கலிபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ பக்கம் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பம். அந்த அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. ஆனால் காலேஜை விட்டு நின்ற மகள் இன்னும் திரும்பிப் போகவில்லை. போன வாரம் செக்கப்புக்கு என் காரில் கூட்டிப்போனேன். டாக்டர் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் விளக்கியதை மகள் ஸ்பானிஷில் "தோதோ பியென், மாமி", எல்லாம் சரியாக இருக்கிறதம்மா, என்று முடித்துவிட்டாள். வெளியே வந்து என்னிடம் அழுதாள். வெளியே உதவி கேட்கச் சொன்னால், "நாங்கள் குடும்பம், பார்த்துக்கொள்வோம்" என்கிறார்கள். நான் என்ன செய்வது?

ஒரு வாசகி

அன்புள்ள தோழி,

குடும்பம் போதாது என்கிற மாதிரி மட்டும் அவர்களிடம் பேசாதீர்கள். கீமோ நாட்களில் அந்த அம்மாவைத் தாங்கியதே சித்தி, அத்தை, ஞானத்தாய் என்று சமைத்துக்கொண்டு வந்து நின்றவர்கள்தான். சிகிச்சை முடிந்ததும், இனி குணம்தானே என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள், மிச்சம் மகள் தலையில். அந்த மிச்சம் சின்னது இல்லை. பலருக்கு ஹார்மோன் மாத்திரையே ஐந்து முதல் பத்து வருடம். அக்குளில் நிணநீர்க் கணுக்களை (நெறிக்கட்டிகளை) எடுத்திருந்தால் எப்போது வேண்டுமானாலும் கை வீங்கலாம், அப்புறம் இறுக்கமான உறையை மாட்டிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். கீமோவில் மரத்துப்போன விரல் நுனிகளால் சட்டைப் பொத்தான் போடுவதே சிலருக்குப் பெரும்பாடு. வீடு சுத்தம் செய்தோ திராட்சை பறித்தோ பிழைத்த கை என்றால், இதெல்லாம் நேராக வருமானத்தில் அடிக்கும்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது 'தோதோ பியென்' என்ற அந்த இரண்டு வார்த்தைதான். நோய் திரும்ப வருமா என்பதைப் பற்றி டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொல்வதா, மறைப்பதா என்று அந்த நொடியில் முடிவெடுக்கும் பாரத்தை ஒரு பிள்ளைமேல் வைக்கக் கூடாது. அம்மாவுக்கும் தன் உடம்பைப் பற்றி முழுசாகத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு. அரசு நிதி வாங்கும் ஆஸ்பத்திரிகள் இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும், நோயாளியையே ஆள் கூட்டிவரச் சொல்லக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம், 2010 சுகாதாரச் சட்டத்திலேயே இதற்கு இடமுண்டு. அடுத்த அப்பாயின்ட்மென்டுக்கு ஃபோன் செய்யும்போதே ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். மகள் கூடவே இருக்கட்டும், தன் கேள்விகளையும் கேட்கட்டும்.

இன்னொன்று. கலிபோர்னியாவில் 'நுவேவோ அமானேசேர்' என்று ஒரு திட்டம் நடத்திப் பார்த்தார்கள். தாங்களே மார்பகப் புற்றுநோயைக் கடந்து வந்த லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, புதிதாக நோய் வந்தவர்களோடு ஸ்பானிஷில் உட்கார்ந்து பேசவைத்தார்கள். அதில் சேர்ந்தவர்களின் மனநிலையும் அன்றாட வாழ்க்கையும் மேம்பட்டதை 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படிப்பட்ட ஒரு பெண் வீட்டுக்கு வந்தால் அது வெளியாள் வந்த மாதிரியே இருக்காது. ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரிடம் ஸ்பானிஷ் குழு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

சித்தி வேலைக்குப் போகிறவரா? மத்தியச் சட்டப்படி சகோதரியைப் பார்த்துக்கொள்ள லீவு கிடையாது. கலிபோர்னியாவில் 2021இலிருந்து உண்டு, ஐந்து பேராவது வேலை செய்யும் இடமாக இருந்து, அவரும் அங்கே ஒரு வருடமாவது இருந்து, கடைசி ஒரு வருடத்தில் 1,250 மணி நேரமாவது, அதாவது வாரம் சுமார் 24 மணி நேரம், வேலை பார்த்திருந்தால். லீவு நாட்களுக்கு முதலாளி சம்பளம் தர வேண்டியதில்லை, ஆனால் வேலை போகாது. செக்கப் நாட்களைச் சித்தி எடுத்துக்கொண்டால் மகளுக்குக் காலேஜில் ஒன்றிரண்டு வகுப்பாவது மிஞ்சும். கார் ஓட்ட நீங்களும் இருக்கிறீர்கள், அதைக் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.