மூத்தவரின் நகையும் இளையவரின் வைப்புத்தொகையும்

அன்புள்ள ஐயா,

பெரம்பூரில் வசிக்கிறேன், ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறேன். மனைவியை இழந்த ஒருவரை 6 ஆண்டுகளுக்கு முன் மணந்தேன். அவருடைய மூத்த தாரத்துப் பெண்ணுக்கு இவ்வாண்டு பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருக்கிறது. படித்து முடிக்க 8 லட்சம் ஆகும் என்கிறார்கள். அவள் தம்பி ஒன்பதாம் வகுப்பு. என் தாயாரின் முதுமைக்கென்று 6 லட்சம் ரூபாயை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டிருக்கிறேன். அதை எடுத்துக் கொடு, இல்லாவிட்டால் கல்விக் கடனிலாவது கையெழுத்துப் போடு, பெற்றவளாக இருந்தால் யோசிப்பாளா என்கிறார் நாத்தனார். கணவர் வாய் திறப்பதில்லை. (இருக்கும் வீடுகூட மூத்தவரின் 40 சவரன் நகையை விற்று முன்பணம் கட்டி வாங்கியதுதான்.) எனக்கு இதில் கடமை உண்டா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

சட்டப்படி இல்லை. நீங்கள் இந்துக் குடும்பம் என்றே கொள்கிறேன். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பிள்ளைகளைப் பராமரிக்கும் பொறுப்பைப் பெற்றவர்கள் மீதே வைக்கிறது. பராமரிப்பு என்பதில் கல்விச் செலவும் அடங்கும், மணமாகாத மகள் தன் வருவாயிலோ சொத்திலோ வாழ இயலாத வரை அவளுக்கு 18 வயது கடந்த பிறகும் அப்பொறுப்பு தொடரும். ஆகவே பொறுப்பாளி உங்கள் கணவர். அதே பிரிவு, தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத முதிய தாயைப் பராமரிக்கும் கடமையை மகளாகிய உங்கள் மீது வைக்கிறது. நாத்தனார் எடுக்கச் சொல்லும் பணம் அதற்காகச் சேர்த்தது. (1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் ‘பிள்ளை’ என்ற சொல்லுக்குள் மூத்த தாரத்துப் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டது. வரித்துறைக்குப் புலப்பட்ட உறவு ஜீவனாம்சச் சட்டத்துக்குப் புலப்படவில்லை.)

ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுப் போன வரியில்தான் நான் நின்றுவிட்டேன். உயில் எழுதாமல் இறந்த இந்துப் பெண்ணின் சொத்து, 1956ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் 15ஆம் பிரிவின்படி, கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சமமாகச் சேரும். நகை மூத்தவருக்கே உரியதாக இருந்து, அவர் உயிலின்றி மறைந்திருந்தால், அந்த 40 சவரனில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 13 சவரனுக்குச் சற்று அதிகம், இந்தப் பெண்ணுடையது. இன்னொரு பங்கு அவள் தம்பியுடையது. உஸ்மான் சாலை நகைக்கடைகளுக்கு அண்மையில் போய்வந்த எவருக்கும் அதன் இன்றைய மதிப்பு விளங்கும். அவள் உங்களிடம் உதவி கேட்டு நிற்கிறவள் அல்லள். அவளுடைய தாயின் பணம் உங்கள் கூரையாக நிற்கிறது, அந்தக் கூரையின் கீழ்தான் நீங்களும் 6 ஆண்டுகளாக வாழ்கிறீர்கள்.

எனவே வாய் திறக்க வேண்டியவர் உங்கள் கணவர். அவர் பெயரில் வீடு இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. கல்விக் கடனில் 7.5 லட்சம் வரை வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பதில்லை. மாணவியுடன் இணைக் கடனாளியாக அவர் கையெழுத்திட்டால் போதும். நிர்வாக ஒதுக்கீடு என்றால் சில வங்கிகள் தயங்கும் என்பதால், கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன்பே கிளையில் கேட்டுவிடுவது நல்லது. அந்த இணைக் கையெழுத்தை மட்டும் நாத்தனாரின் வாய்க்குப் பயந்து நீங்கள் போட்டுவிடாதீர்கள். சட்டம் உங்கள் மீது சுமத்தாத கடனை அது முழுமையாகச் சுமத்திவிடும்.

தாயாரின் பணத்தைத் தொடாமல், உங்கள் சம்பளத்திலிருந்து மாதம் இவ்வளவு என்று விடுதிக்கோ புத்தகத்துக்கோ கொடுக்க உங்களுக்கு மனம் இருந்தால் கொடுங்கள். வீட்டுச் செலவோடு கலந்து, பிறகு சொல்லிக் காட்ட நேரும்படி அல்ல, தொகையைச் சொல்லிக் கொடுங்கள். இந்தக் கணக்கை எழுத உட்காரும்போது அந்தப் பெண்ணையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். கடன் பத்திரத்தில் முதல் கையெழுத்து அவளுடையதுதான்.